இந்தப் பாட்டிலில் உள்ள தண்ணீர்

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

டீச்சரை இந்த நிலையில் தொடர்ந்து டயாலிசிஸுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. சுற்றி வளைத்து இதை மூன்றாம் பக்கத்தில் சொல்வதைவிட முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போனில் பேசலாம்தான். பேசினால் நீ "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்பாய், நான் கோபப்படுவேன், உன்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு டீச்சர் போனை வாங்கி இரண்டு பேரையும் சமாதானம் செய்வாள். வீட்டில் உனக்கு 'ஒண்ணுமில்ல' என்றும் எனக்குச் 'சந்தேகம்' என்றும் பெயர் வைத்தது சும்மாவா? அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. எழுதும்போது நீ கொஞ்சம் யோசிக்கிறாய்.

நான் புரிந்துகொண்டது இது. பிப்ரவரி நடுவிலிருந்து வீட்டுக் குழாயில் மண் வாசனை. டீச்சருக்குப் போன வாரம் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் டயாலிசிஸ் முடிந்து வந்ததும் தலைவலி, வாந்தி. ஆஸ்பத்திரிக்குப் போவது நீ ஏரியிலிருந்து ஏற்றி அனுப்பும் அதே தண்ணீர். உங்கள் என்ஜினியர் நிறம் பார்த்து, குளோரின் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் பயப்படுவது நீலப்பச்சைப் பாசிக்கு. அதில் சில வகை ஈரலைக் கெடுக்கும் நச்சை விடும். நீயும் நானும் ஒரு டம்ளர் குடிக்கிறோம். தண்ணீருக்கும் நம் இரத்தத்துக்கும் இடையில் வயிறு இருக்கிறது. டீச்சருக்கு ஒரு தடவைக்கு நூற்றிருபது லிட்டர் தண்ணீர், ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் இரத்தம். அவ்வளவுதான் தூரம்.

அந்த நச்சைச் சோதிக்கும் வசதி என் ஆய்வகத்தில் இல்லை. தலைமை ஆய்வகத்துக்கு உங்கள் அலுவலகம் எழுத்துமூலம் கேட்டால் மூன்று வாரம் ஆகும். கேட்கச் சொல். அதற்குள் என்னால் முடிந்தது ஒன்றுதான். இருபத்தைந்து வருடமாக நான் செய்துவருவது. ஏரியில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பிராணிகளை எண்ணுவது.

சிரிக்காதே. வேதியியல் சோதனை அந்த நிமிடத்துத் தண்ணீரைச் சொல்லும். இந்தப் பிராணிகள் அந்தத் தண்ணீரில் பல வாரம் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. தண்ணீர் நன்றாக இருந்தால் பெரிய நீர்த்தெள்ளுகள் இருக்கும். பாசியைத் தின்று ஏரியைச் சுத்தமாக வைத்திருப்பவை அவைதான். வெயில் ஏறி, தண்ணீர் அசையாமல் நின்று, வயல் உரமும் இறங்கினால் நீலப்பச்சைப் பாசி இழை இழையாக வளரும். அந்த இழை பெரிய தெள்ளின் வாய்ச்சீப்பில் சிக்கிக்கொள்ளும். அது பட்டினி கிடந்து செத்துப்போகும். பொடிசுகள் மட்டும் மிஞ்சும். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்த்தால் போதும்.

பார்சலில் ஒரு வலையும் நான்கு பாட்டில்களும் இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு, ஏரிக்குள் நிற்கும் கோபுரத்திலிருந்து, வலையை அடிவரை இறக்கி மெதுவாக மேலே இழு. குப்பியில் இருக்கும் ஃபார்மலினை அப்படியே ஊற்றி மூடு. கோபுரத்திலிருந்துதான். உங்கள் குழாய்க்குத் தண்ணீர் நுழையும் இடம் அது. வேறெந்த இடத்துத் தண்ணீரும் எனக்கு உபயோகமில்லை.

முக்கியமாக, குழாய்த் தண்ணீரில் மண் கலக்கி அனுப்பாதே.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள சந்தேகம் அக்காவுக்கு,

குழாய்த் தண்ணீரை நீ இன்னும் மறக்கவில்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. நீ காய்ச்சலில் கிடந்தாய், நீ தண்ணீர் எடுத்துவரச் சொன்ன குளம் இரண்டு மைல், வெளியே கிரிக்கெட். பக்கெட்டில் தொட்டி மண்ணைக் கலந்து கொடுத்தேன். நீ இரண்டு மணி நேரம் குனிந்து பார்த்துவிட்டு "உயிரினம் எதுவுமில்லை" என்று நோட்டில் எழுதி, புரொபசர் சிரித்தார். இருபத்தெட்டு வருடமாகத் தண்டனை அனுபவிக்கிறேன். போதாதா?

இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். நீ சொன்ன நேரம், நீ சொன்ன இடம்.

வலையைப் பார்த்துவிட்டு டீச்சர், "உங்க அக்கா கொசு பிடிக்கவா அனுப்பியிருக்காங்க?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப என் உயிர் ஒரு பூச்சி கையில இருக்குன்னு சொல்லுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்ஜினியரிடம் தலைமை ஆய்வகத்துக்கு எழுதச் சொன்னேன். "எதுக்குப்பா? ஏரியப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. பாசின்னா பச்சையா மிதக்காதா?" என்றார். அவர் சொல்வதும் உண்மைதான் அக்கா. கரையில் நின்றால் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிறது.

போன செவ்வாயும் வாந்தி. வெள்ளிக்கிழமை போகமாட்டேன் என்று அடம். கெஞ்சிக் கூட்டிப்போனேன். போகாமல் இருந்தால் கால் வீங்கி மூச்சு வாங்குகிறது. போய்வந்தால் வாந்தி. எந்தப் பக்கம் தள்ளினாலும் நான்தான் தள்ளுகிறேன். உன் பதிலை வைத்துத்தான் நான் அவளிடம் பேச வேண்டும். சீக்கிரம் எழுது.

தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு பாட்டிலையும் பார்த்தேன். முன்னூற்றுப் பன்னிரண்டு பிராணிகளை எண்ணினேன். பெரிய நீர்த்தெள்ளுகள் நிறைய. பாதிக்கு மேல் முதுகுப் பையில் முட்டையோடு இருந்தன. துடுப்புக்காலிகள் மூன்று வகை. நீலப்பச்சைப் பாசி இழை அங்கொன்று இங்கொன்று. இந்தப் பாட்டிலில் உள்ள தண்ணீர் நன்றாக இருக்கிறது.

இதை எழுதும்போது கை கொஞ்சம் லேசாக இருக்கிறது. இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. கடுகு போல உருண்டையாக ஒரு சின்னத் தெள்ளு உண்டு. நீர்க்கொடியின் தண்டிலும் இலையிலும் ஒட்டி ஊர்வதுதான் அதன் பிழைப்பு. நடுத் தண்ணீரில் அது நீந்தாது. உன் பாட்டிலில் அது ஏராளம். கூடவே ஒரு கொசுப் புழு உரித்த தோல், இலைத் துணுக்கு. கோபுரத்தடியில் நாற்பதடி ஆழம். அங்கே கொடி எப்படி வந்தது?

எங்கே எடுத்தாய் என்று ஒரு வரி எழுது. டீச்சருக்கு என் அன்பு.

அக்கா


மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டில் சாப்பாடு ருசித்தது. டீச்சருக்கு வாசித்துக் காட்டினேன். "சந்தேகமே நல்லாருக்குன்னு சொல்லிடுச்சு, இனி எனக்கென்ன" என்று தானே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கடிதத்தையும் எடுத்துப்போனாள். அங்கே எல்லோருக்கும் காட்டினாளாம். பக்கத்து நாற்காலியில் ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரர் உண்டு. வாந்திக்குப் பயந்து இரண்டு தடவை வராமல் இருந்தவர். மகள் கொண்டுபோய்க் காட்டிய ஜெராக்ஸைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, மறுநாளே மகளோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். டெக்னீஷியன், "மேடம் கையெழுத்து முத்து மாதிரி இருக்கு" என்றாராம். பார், உன் பெருமை ஆஸ்பத்திரி வரைக்கும்.

வாந்தி இன்னும் நிற்கவில்லை. ஆனால் காரணம் தண்ணீர் இல்லை என்று தெரிந்துவிட்டது, மருந்தாக இருக்கும் என்கிறாள்.

எங்கே எடுத்தாய் என்று கேட்டிருக்கிறாய். கோபுரத்தில்தான். காற்றடித்தால் கொடி அறுந்து மிதந்து வரும். அதெல்லாம் ஒண்ணுமில்ல. சந்தேகம் தீர இன்னும் இரண்டு பாட்டில் அனுப்புகிறேன்.

தம்பி


ஏப்ரல் 7

தம்பிக்கு,

புதிய பாட்டில்களிலும் அதேதான். நூறில் நாற்பத்தைந்து கொடியில் ஊர்பவை. ஒரு நத்தைக் குஞ்சு. அறுந்து மிதந்து வந்த கொடியில் நாலு ஐந்து ஒட்டியிருக்கலாம், குடும்பத்தோடு வராது.

இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். உங்கள் ஏரியின் நடுவில் நாற்பதடி ஆழத்தில் இருட்டில் கொடி முளைத்திருக்க வேண்டும். அல்லது நீ கோபுரத்தில் எடுக்கவில்லை. நான் தப்பாக எண்ணியிருக்கலாம் என்று மூன்றாவது ஒன்றும் வைத்துக்கொண்டேன். பக்கத்து அறைத் தோழியைக் கூப்பிட்டு, எதுவும் சொல்லாமல், எண்ணச் சொன்னேன். பார்த்துவிட்டு, "எந்தக் கரை இது?" என்று கேட்டாள். ஏரி என்றுகூட நான் சொல்லியிருக்கவில்லை.

கரைத் தண்ணீர் வேறு, நடுத் தண்ணீர் வேறு. ஒரே ஏரிதான், ஆனால் வேறு வேறு ஊர் மாதிரி. வெயில் காலத்தில் மேல் தண்ணீர் சூடாகி, கீழ் தண்ணீரோடு கலக்காமல், மூடி போட்டது போல நிற்கும். சில நீலப்பச்சைப் பாசிகள் மேலே மிதக்கவே மிதக்காது. இருபதடி கீழே, வெளிச்சம் மங்கும் இடத்தில், பாய் விரித்தது போல ஒரே மட்டத்தில் நிற்கும். மேலே கூழாங்கல் தெரியும். கீழே அது இருக்கும்.

நீ கரையில் எடுத்திருந்தால், டீச்சருக்குள் போகும் தண்ணீரைப் பற்றி எனக்கு இதுவரை ஒன்றுமே தெரியாது. ஒன்றுமே தெரியாமல் "நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறேன். அதை அவள் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறாள். யாரோ ஒருவர் கண்ணாடி போட்டுப் படித்திருக்கிறார்.

கோபப்பட்டு எழுதவில்லை. பயந்து எழுதுகிறேன். நடைப்பாலத்தில் நடந்து கோபுரத்துக்குப் போனாயா, இல்லையா? போன் செய்தால் மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை என்கிறாய். எழுது.

அக்கா


ஏப்ரல் 14, செவ்வாய்

அக்கா,

போகவில்லை.

ஜனவரியில் ஒருநாள் காலை பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தேன். அறுபதடிப் பாலம், ஒரு பக்கம்தான் கைப்பிடி. திடீரென்று ஏரி முழுக்கச் சுற்றியது. தண்ணீர் அசையாமல் நிற்கிறது, நான்தான் சுற்றுகிறேன் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் இருக்கும். எனக்கு நீச்சல் தெரியாது. அது நீ அறிந்ததுதான். தவழ்ந்துதான் கரைக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை முயன்றேன். முதல் பலகையில் கால் வைத்ததும் திரும்பி வந்துவிட்டேன். கோபுர மதகுகளைத் திறந்து மூடும் மோட்டார் ஸ்விட்ச் பம்ப் அறையிலேயே இருக்கிறது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. அலுவலகத்துக்கு வாரம் ஒரு பாட்டில் கோபுரத் தண்ணீர் அனுப்ப வேண்டும். அதையும் கரைப் படிக்கட்டில்தான் எடுக்கிறேன். பதிவேட்டில் 'கோபுரம்' என்று எழுதுகிறேன். மூன்று மாதமாக.

தலைசுற்றல் என்று சொன்னால் தலைமை அலுவலகத்தில் மேசை வேலைக்கு மாற்றிவிடுவார்கள். குவார்ட்டர்ஸ் போய்விடும். இங்கிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிடம். அங்கிருந்து இரண்டு மணி நேரம். நான் தண்ணீரில் விழுந்து செத்தாலும் இதே கதைதான். யார் அவளைக் கூட்டிப்போவது? இப்படி யோசித்து யோசித்துத்தான் கரையில் எடுத்தேன். கரையும் ஏரிதானே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நடு மதகைத் திறந்தது பிப்ரவரி பத்தாம் தேதி. மேல் மதகுக்குக் கீழே தண்ணீர் இறங்கலாம் என்று முன்கூட்டியே மாற்றச் சொன்னார்கள், இன்னும் இறங்கவில்லை. நடு மதகு இருபதடியில் இருக்கிறது. உன் கடிதத்தில் இருபதடி என்று படித்ததும் பதிவேட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தேன்.

இன்று டயாலிசிஸ் முடிந்து வரும்போது ஆட்டோவிலேயே வாந்தி. அந்த அறையில் இன்னும் மூன்று பேருக்கு இதேபோல. வாட்ச் ரிப்பேர்க்காரரின் கண் மஞ்சளாக இருந்ததாம், வார்டில் சேர்த்துவிட்டார்கள். டீச்சருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவள் தூங்குகிறாள். அவள் விரலில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். இதை இரவு பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை அனுப்பலாமா அக்கா?

தம்பி


ஏப்ரல் 15, புதன்

தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை அனுப்பலாமா என்பதற்கு இன்றும் எனக்குப் பதில் தெரியாது. டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டருக்குத் தெரியும். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்த ஆள் யாருமில்லை. இதை அதே டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, வியாழன் காலை முதல் பஸ்ஸில் மைக்ரோஸ்கோப்போடு வருகிறேன்.

திட்டமாட்டேன். திட்ட நேரமில்லை. நான் வருவதற்குள் டீச்சரிடம் நீயே சொல்லிவிடு. அவள் என் வாயிலிருந்து கேட்கக் கூடாது.

நீச்சல் எனக்கும் தெரியாது. கயிறு எடுத்து வை.

அக்கா


ஏப்ரல் 17, வெள்ளி, இரவு

அன்புள்ள தம்பிக்கு,

டீச்சர் நன்றாக இருக்கிறாள் என்று போனில் சொல்லிவிட்டேன். மற்றதைப் போனில் சொல்ல எனக்கு வரவில்லை. உன் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை தலைமை அலுவலக விசாரணை முடிந்து வந்ததும் படி.

நேற்று நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் வரிசையாக எழுதிவைக்கிறேன். கேட்பார்கள்.

பாலத்தில் நான் முன்னால் போனேன். இடுப்பில் கயிறு, மறுமுனை உன் இடுப்பில். நீ என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாய். "கீழ பாக்காதக்கா" என்றாய். "நான் பாக்கத்தானே வந்திருக்கேன்" என்றேன். பாதியில் நீ உட்கார்ந்துவிட்டாய். மீதியை உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தாய். நானும் பலகைகளை எண்ணிக்கொண்டேதான் நடந்தேன், திரும்பிப் பார்க்காததால் உனக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

இருபதடியிலிருந்து வந்த பாட்டில் வெளிச்சத்தில் செம்பு நிறமாக இருந்தது. நீ, "தப்பா எடுத்துட்டோமோ?" என்றாய். நான் மூடியைத் திருகிப் பைக்குள் வைத்தேன்.

இந்த மேசையில்தான் பார்த்தேன். சிவந்த இழைகள், ஒன்றின் மேல் ஒன்று, வைக்கோல் போர் போல. பெரிய நீர்த்தெள்ளு ஒன்றுகூட இல்லை. இரண்டு செத்த ஓடுகள் மட்டும். இழைகளுக்கு நடுவில் சக்கர உயிரிகள், எல்லாம் பொடிசு. டீச்சர் தானும் பார்க்க வேண்டும் என்றாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "பெரிய பிள்ளைங்க எல்லாம் லீவு போட்டு, எல்கேஜி மட்டும் உக்காந்திருக்கிற மாதிரி இருக்கே" என்றாள். அதைவிடச் சரியாக நான் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை. பிறகு உன்னைப் பார்த்து, "நீங்க முதல்லயே தலை சுத்துதுன்னு சொல்லியிருந்தா நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றாள். நீ எழுந்து பம்ப் அறைக்குப் போனாய். நடு மதகை மூடி மேல் மதகைத் திறந்து, பதிவேட்டில் மூன்று மாதத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்ஜினியருக்கு நீயே போன் செய்தாய். அதை நீ செய்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சந்தேகப்பட்டேன். மன்னித்துவிடு.

இனி நீ இல்லாத இன்று.

காலை ஏழு மணிக்கு விசாரணைக்கு உன்னை அலுவலக ஜீப்பில் அழைத்துப்போன பிறகு நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டீச்சரை நாற்காலியில் உட்கார விடாமல் வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு டாக்டரைப் பார்த்தேன். நல்ல மனிதர். தூங்காத கண். "மேடம், பூச்சிய வச்சு நான் டயாலிசிஸ நிறுத்த முடியுமா? அவங்களுக்கு பொட்டாசியம் ஏறினா யார் பதில் சொல்றது?" என்றார். எனக்குப் பதில் தெரியாது என்று அவரிடமும் சொன்னேன். குழாயில் இன்னும் இரண்டு நாளைக்குப் பழைய தண்ணீர்தான் இருக்கும் என்றும் சொன்னேன். ஒன்று மட்டும் கேட்டேன். தண்ணீர் மெஷினுக்குப் போகும் முன் கடக்கும், நச்சைப் பிடிக்கக்கூடிய கரி வடிகட்டியை எப்போது மாற்றினார்கள்? டெக்னீஷியன், "எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்றார். போய்ப் பார்த்தோம். சீட்டில் இருந்தது போன வருடத் தேதி. டெக்னீஷியன் அதைத் தன் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார், தேதி மாறும் என்பது போல.

டாக்டர் நோயாளிகளின் பைல்களை எடுத்து ஈரல் சோதனைத் தாள்களை மட்டும் மேசையில் பரப்பினார். பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்குச் சரியில்லை. டீச்சர் அந்த ஐந்தில் ஒருத்தி, லேசாக. "இத நான் தனித்தனியா பாத்துட்டு இருந்தேன்" என்றார். பிறகு அறையைப் பூட்டச் சொன்னார்.

தீயணைப்பு நிலையத்தின் ஆழ்கிணற்றிலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது. புதிய கரி பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அதற்குள் மூன்று மணி. டீச்சருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. உதடு நிறம் மாறியது. கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, பயமா இருக்கு, ஏதாவது பேசுங்க" என்றாள். எனக்குப் பேச வராதே. நீ குழாய்த் தண்ணீரில் மண் கலக்கிய கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். மெஷினில் சேர்க்கும் முன் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. உயிரினம் எதுவுமில்லை. ஒன்றுமில்லாததைப் பார்த்து நான் அழுதது இதுதான் முதல் தடவை. அது நச்சைப் பற்றி எதுவும் நிரூபிக்காது, தெரியும். நாலேகாலுக்குச் சேர்த்தார்கள். இப்போது வீட்டில், உள்ளறையில் தூங்குகிறாள். வாந்தி இல்லை. கால் மணிக்கொரு தடவை போய் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். விடியும்போதும் அது ஏறி இறங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை. ஈரல் என்ன செய்யும் என்று நாளைதான் சொல்ல முடியும் என்றார்.

நான் சொல்ல வந்தது இன்னும் ஒன்று இருக்கிறது.

டயாலிசிஸ் அறைச் சுவரில், கை கழுவும் இடத்துக்கு மேலே, ஒரு தாள் ஒட்டியிருந்தது. என் கடிதத்தின் ஜெராக்ஸ். மார்ச் இருபத்துநாலு. யாரோ சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். 'தண்ணீர் நன்றாக இருக்கிறது' என்பதற்கு மட்டும். 'இந்தப் பாட்டிலில் உள்ள' என்பதற்குக் கோடு இல்லை. கொடியில் ஊரும் தெள்ளு பற்றிய பாராவை ஜெராக்ஸ் எடுக்கும்போதே மடித்துவிட்டிருந்தார்கள்.

நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். அந்த மூன்று சொல்லைக் கவனமாக, யோசித்து, என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே சேர்த்தேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் எழுதுவோம். வாந்திக்குப் பயந்து வீட்டில் இருந்த ஒருவர் அதைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். அவருக்கு அந்த மூன்று சொல் எதற்கு? கொடி அங்கே எப்படி வந்தது என்று தெரியும்வரை நான் அந்த வரியை எழுதியிருக்கவே கூடாது. எனக்கு நிம்மதி வேண்டியிருந்தது, எழுதிவிட்டேன்.

அறையில் யாருமில்லாதபோது அந்தத் தாளைப் பிய்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. மூன்று மாதத்தை ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நீ ஜீப்பில் ஏறிப் போனாய். நான் ஒரு தாளைத் திருடிக்கொண்டு உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்வது என்று தெரியவில்லை.

வராந்தாவில் வாட்ச் ரிப்பேர்க்காரரின் மகளைப் பார்த்தேன். அவர் தீவிர சிகிச்சையில் இருக்கிறார். "நீங்கதானே அந்த லெட்டர் எழுதினவங்க?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். "அப்பாவுக்கு உங்க எழுத்து ரொம்பப் பிடிச்சிருந்தது" என்றாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

சந்தேகம்


ஏப்ரல் 18, சனி

நேற்றைய கடிதத்தை மூடவில்லை. இன்று நடந்ததை மட்டும் சேர்க்கிறேன்.

காலை ஆறு மணிக்கு டீச்சர் தானாக எழுந்தாள். டீ கேட்டாள். அரை டம்ளர் குடித்தாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். ஈரல் நேற்றைவிட மோசமாகவில்லை என்றார் டாக்டர். தலைமை ஆய்வகத்துக்கு உங்கள் என்ஜினியரே கையெழுத்துப் போட்டு, செம்பு நிறப் பாட்டிலை ஆள் மூலம் அனுப்பினார். மூன்று வாரம் ஆகும்.

வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒன்பது இருபதுக்கு இறந்துபோனார்.

பதினொரு மணிக்கு அவர் மகள் டயாலிசிஸ் அறைக்கு வந்தாள். சுவரைப் பார்த்தாள். ஒட்டியிருந்த இடத்தில் நான்கு மூலையிலும் டேப் துண்டுகள் மட்டும் இருந்தன. டெக்னீஷியனிடம், "இங்க இருந்த பேப்பர் எங்க?" என்று கேட்டாள். அவர் தனக்குத் தெரியாது என்றார். அது உண்மைதான். டீச்சர் என்னைப் பார்த்தாள்.

நான் பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அசல் டீச்சரின் கைப்பையில் இருந்தது. அதையும் வாங்கி, தெள்ளு பற்றிய பாரா தெரியும்படி விரித்துக் கொடுத்தேன். கீழே என் முழுப் பெயரையும் ஆய்வக முகவரியையும் எழுதினேன். அவள் இரண்டையும் நின்றபடியே படித்தாள். பிறகு மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.